கடற்காக்கைகளை இங்கே பார்க்கச் சொன்னேன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் போட்டோ கவரின் மேல் பெயரும் எத்தனை காப்பி என்பதும்தான். நம் போட்டோகிராபர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு பயண அனுபவம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கூச்சத்தில் சரி என்று வந்துவிட்டது. என் வாழ்க்கையில் பாதிக் காரியங்கள் இப்படி நடந்தவைதான்.

திருமானூரில் முப்பது வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ. நான் இந்தத் தொழிலுக்கு வந்த காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆயிரம் பேர் இருக்கும் மண்டபத்தில் யாருமே பார்க்காத ஒரே ஆள் கேமராவுக்குப் பின்னால் நிற்பவன்தான். என் போன்ற ஆளுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

அப்படிப்பட்ட என்னைத்தான் போன தை மாதம் என் மனைவி வசந்தா துப்பறிய அனுப்பினாள்.

எங்கள் மகள் செல்வி பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. விவசாயக் குடும்பம். பையன் பெயர் கதிர்வேல். கோடியக்கரையில் தங்கி, குளிர்காலத்தில் வரும் கடற்பறவைகளைக் கணக்கெடுக்கும் குழுவில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு.

"ஊர்ல விசாரிச்சா எல்லாரும் தங்கம்னுதான் சொல்லுவாங்க. வேலை செய்யற எடத்துல போய்ப் பாக்கணும்" என்றாள் வசந்தா.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவளுடைய அக்கா மகளையும் தங்கம் என்று கேள்விப்பட்ட ஒருவருக்குத்தான் கொடுத்தார்கள். வெளியில் தேன் போலப் பேசுவார். கதவைச் சாத்தினால் சோற்றுத் தட்டு சுவரில் பறக்கும். அந்தப் பெண் இரண்டு முறை அரியலூரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டது. செல்வியும் அவளும் ஒன்றாக வளர்ந்தவர்கள்.

செல்வி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "வேலை, வூடு, நிலம் எல்லாம் நீங்களும் அம்மாவும் பாத்துக்குங்க. கோவம் வந்தா அவரு என்ன பண்ணுவாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும்ப்பா."

கேமரா வைத்திருப்பவர்கள் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களாக வரலாம் என்று போனில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. வசந்தா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பறவை எடுத்துப் பழக்கமில்லையே" என்றேன்.

"குடிச்சுட்டு வர்ற சித்தப்பனையே ஆடாம நிக்க வெச்சு எடுக்கறீங்க. பறவை என்ன, நிக்காதா?"

நிற்கவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டது. அரியலூர் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பெரிய லென்ஸை அதற்கான நீளப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "நாயனமா?" என்று கேட்டார். இல்லை என்று விளக்கக் கூச்சப்பட்டுத் தலையை எப்படியோ ஆட்டினேன். அது ஆமாம் என்று ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் வேதாரண்யம் வரும்வரை தன் பேத்தி கல்யாணத்துக்குத் தேதி சொல்லி, நான் வருவேனா என்று கேட்டுக்கொண்டே வந்தார். தவில் யார் என்றும் விசாரித்தார். இறங்கும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் கோடியக்கரை போய்ச் சேர்ந்தேன். எங்கள் பக்கம் வேப்ப இலையில்கூட சிமெண்டுத் தூசி படிந்திருக்கும். இங்கே காற்றே உப்பாக இருந்தது. உதட்டை நக்கினால் ஊறுகாய் ஞாபகம் வருகிறது.

குழுவில் என்னோடு மூன்று தன்னார்வலர்கள். இரண்டு பேர் கேரளத்துக்காரர்கள், கணவனும் மனைவியும். மூன்றாமவர் திருச்சியில் வங்கியில் வேலை பார்ப்பவர். எல்லோரும் மண் நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள். நான் வழக்கமாகக் கல்யாணத்துக்குப் போவதுபோல வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

கதிர்வேலைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஜாதகத்தோடு வந்த போட்டோவை நான்தான் பெரிது செய்து வசந்தாவுக்குக் காட்டியிருந்தேன். நேரில் இன்னும் கறுப்பு. வெயிலில் கிடந்து உதடு வெடித்திருந்தது.

"எந்த ஊருங்க சார்?"

"ஆத்துக்கு அந்தாண்ட... தஞ்சாவூர் பக்கம்" என்றேன். திருமானூரிலிருந்து கொள்ளிடப் பாலத்தைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம்தான். எந்தப் பக்கத்திலிருந்து அந்தாண்ட என்பதை மட்டும் சொல்லவில்லை.

"சார், சட்டைய மட்டும் மாத்திக்குங்க. இந்த வெள்ளை, பறவைக்கு ரெண்டு கிலோமீட்டர்ல தெரியும்."

என்னிடம் இருந்த மூன்று சட்டையும் வெள்ளை. சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மல்லிகா அக்கா, தன் வீட்டுக்காரர் படகு ஓட்டும்போது போடும் சட்டையைக் கொடுத்தார். காக்கியா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம், மீன் வாசனை. மூன்று நாளும் அதுதான் என் உடம்பில் இருந்தது. என்னை ஒரு பூனை பின்தொடர்ந்தது என்று சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைப்பீர்கள். இரண்டு பூனைகள்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். முதல் முறையாகக் கடற்காக்கைகளை அருகில் பார்த்தேன். காக்கை என்று பெயர்தானே தவிர புறா போல வெள்ளை. மீன் வலை உதறும் இடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பந்தியில் முதல் வரிசைக்கு நடக்கும் சண்டை அப்படியே. ஆலா என்று இன்னொன்று. முள்ளங்கி போல ஆரஞ்சு மூக்கு என்று எழுதப் பார்த்தேன், முள்ளங்கி வெள்ளை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கேரட் போல. அது அந்தரத்தில் நின்று, தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து, மீனோடு எழும்புகிறது. நான் அமுக்கும்போது அது எழும்பிப் போயிருக்கும். அன்று நான் எடுத்தவை இருநூறுக்கு மேல். பெரும்பாலும் வானம். மிச்சம் தண்ணீர்.

இதில் ஃப்ளாஷை அணைக்க மறந்துவிட்டேன். மங்கும் வெளிச்சத்தில் அது பளிச்சென்று அடித்ததும் மணலில் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது.

கதிர்வேல் வந்தார். வந்தவர் என் கேமராவைத் தொடாமல், "அந்தப் பட்டனை அணைச்சிடுங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

இரவு வசந்தா போன் செய்தாள். "கோவப்பட்டாரா?"

"இல்ல."

"நீங்க ஏதாவது செஞ்சு பாருங்களேன்."

"நான் ஒண்ணும் செய்யாமயே எல்லாம் நடக்குது."

வெள்ளிக்கிழமை காலை படகில் போனோம். எங்கள் ஊர்க்காரனுக்குப் படகு என்றால் கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது பேப்பரில் பார்ப்பதுதான். ஏறிய பத்தாவது நிமிடம், மல்லிகா அக்கா கொடுத்த நான்கு இட்லியும் மத்தி மீன் குழம்பும் கடலுக்கே போய்விட்டன. அந்த நேரம் பார்த்து இரண்டு ஓங்கில்கள் படகுக்குப் பக்கத்தில் எழும்பின. டால்பினைத்தான் அங்கே ஓங்கில் என்கிறார்கள். எல்லோருடைய கேமராவும் படபடவென்று அடித்தது. நான் மறுபக்கம் குனிந்திருந்தேன். எனக்கு ஓங்கில் என்றால் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும்தான். யாரோ பின்னால் நின்று பெருமூச்சு விட்டதுபோல இருந்தது.

கேரளத்து அம்மா தன் கணவரிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்த வரையில் அது: "இவர் பறவையைப் பார்க்க வந்தாரா, பறவைகள் இவரைப் பார்க்க வந்தனவா?"

திரும்பி வரும் வழியில் கரையில் ஒரு பங்குனி ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. ஓடு எங்கள் வீட்டு வடைச்சட்டியைவிடப் பெரிது. கழுத்தில் வலை அறுத்த தடம். அதை எடுக்கும்போது மட்டும் என் கை ஆடவில்லை. ஆடாத உருவத்தை எடுத்துத்தான் எனக்குப் பழக்கம். கதிர்வேல் அதை நாடாவால் அளந்தார். இரண்டு முறை அளந்தார். "முட்டை போட வந்துருக்கு" என்றார். நாடாவைச் சுருட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல்லை உடைத்தால் கிளிஞ்சல் இருக்கும், எங்கள் ஊரே ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்ததாகச் சொல்வார்கள், சிறு வயதில் நாங்கள் அதைப் பொறுக்கிக் கல்லாங்காய் ஆடியிருக்கிறோம் என்று அவருக்கு ஆறுதலாகச் சொன்னேன்.

"நீங்க தஞ்சாவூர்ல சார்?" என்றார்.

"அரியலூர்ல சொந்தக்காரங்க இருக்காங்க" என்று சமாளித்தேன். காது சூடானது எனக்கே தெரிந்தது.

மத்தியானம் சதுப்பில் இறங்கினோம். தூரத்தில் பூநாரைகள், கூட்டமாக, ரோஸ் நிறத்தில். "என் காலடியிலயே கால வெச்சு வாங்க" என்று கதிர்வேல் தெளிவாகத்தான் சொன்னார். நான் ஒரு நல்ல கோணம் பார்த்து ஓரடி ஒதுங்கினேன். தொடை வரை உள்ளே போய்விட்டேன். இரவல் லென்ஸை மட்டும் சாமி தூக்குவதுபோல இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்திருந்தேன். கதிர்வேலும் வங்கிக்காரரும் என் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். கால் வந்தது. செருப்பு வரவில்லை. அதற்குள் பூநாரைகள் எழும்பி அடுத்த மாவட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

கதிர்வேல் சிரித்துக்கொண்டே, "கால் இருக்குல்ல சார், போதும்" என்றார். மல்லிகா அக்கா கடையில் எனக்கு அவரே வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

சாப்பிடும்போது தெரியாத்தனமாக "ஆத்து மீன் இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டேன். மல்லிகா அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தார்.

"ஏங்க, கடல எதிர்ல வெச்சுக்கிட்டு ஆத்து மீன் கேக்கறவர இப்பத்தாங்க பாக்கறேன். குடிக்கக் கெணத்துத் தண்ணிதான் இருக்கு, அதுவாச்சும் பரவால்லையா?"

கதிர்வேல் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவர் கொடுத்த வாவல் மீன் வறுவலைப் போல நான் சாப்பிட்டதில்லை. கொள்ளிடத்துக் கெண்டை என்னை மன்னிக்க வேண்டும்.

அன்று ராத்திரி வசந்தா கேட்டதும், "தங்கமான பையன். எத்தனை செஞ்சாலும் கோவமே வரல" என்றேன்.

அவள் சொன்னாள், "அக்கா மருமவனுக்கும் வெளியில கோவம் வராதுங்க."

கயிற்றுக் கட்டிலில் படுத்து யோசித்தேன். அவள் சொன்னது சரி. இரண்டு நாளாக நான் பார்த்தது பொறுமையைத்தான். செல்வி கேட்டது பொறுமையைப் பற்றி இல்லை. இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. வேண்டுமென்றே ஒருவரைக் கோபப்படுத்த எனக்குத் தைரியம் போதாது. மீட்டருக்கு மேல் கேட்கும் ஆட்டோக்காரரிடம்கூட நான் நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறவன்.

சனிக்கிழமை. அன்றுதான் முக்கியமான கணக்கெடுப்பு. கடல் ஏறும்போது சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கும் பறவைகளுக்கு இடம் போய்விடும். எல்லாம் ஒரே ஒரு மணல் திட்டில் வந்து ஒதுங்கும். அந்த இரண்டு, மூன்று மணி நேரத்தில்தான் எண்ண முடியும். பகல் வெளிச்சமும் இவ்வளவு பெரிய கடல் ஏற்றமும் சேர்ந்து வருவது அந்த வாரத்தில் இரண்டே நாள், சனியும் ஞாயிறும். ஞாயிறு தனக்கு ஊரில் வேலை இருக்கிறது, அதனால் இன்றே முடித்தாக வேண்டும் என்றார் கதிர்வேல். அந்த வேலை என்ன என்று அங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

மணலில் முழங்காலும் முழங்கையும் தேய ஊர்ந்து போனோம். ஒரு பட்டுப்போன கட்டைக்குப் பின்னால் படுத்தோம். எதிரே திட்டு. நான் அதுவரை அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. முன்வரிசையில் குட்டை குட்டையாக உள்ளான்கள், அதற்குப் பின்னால் ஆலாக்கள், கடைசியில் உயரமான கடற்காக்கைகள். யாரோ உயரம் பார்த்து நிறுத்தியதுபோல இருந்தது. நம் தொழிலில் குரூப் போட்டோவுக்கு இப்படி ஆட்களை நிறுத்த எத்தனை பாடுபடுகிறோம்! வெயிலும் சரியாகப் பக்கவாட்டில். மூன்று நாளில் முதல் முறையாகப் பறவைகள் எனக்கு ஆடாமல் நின்றன.

ஒரே ஒரு குறை. காற்று கடல் பக்கமிருந்து வந்தது. பறவைகள் காற்றுக்கு எதிராகத்தான் முகத்தை வைத்து நிற்குமாம். எல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

கதிர்வேல் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பட்டன் கருவி, க்ளிக் க்ளிக்கென்று. பாதிக்கு மேல் வந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

நான் லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது, முகம் மட்டும்தான் இல்லை. முப்பது வருடப் பழக்கம். நான் யோசித்துச் செய்யவில்லை. இடது கை தானாக மேலே போயிற்று. விரலைச் சொடுக்கினேன். மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்:

"எல்லாரும் இங்க பாருங்க!"

பார்த்தார்கள். ஒரு நொடி, ஆயிரக்கணக்கான தலைகள் என் பக்கம் திரும்பின. அமுக்கினேன். அடுத்த நொடி திட்டு வெறும் மணலாக இருந்தது. தலைக்கு மேலே மழை பெய்வதுபோல இறக்கைச் சத்தம்.

கதிர்வேல் எழுந்து நின்றார்.

"ஏங்க! அறிவிருக்கா உங்களுக்கு? இது என்ன கல்யாண மண்டபமா? ராத்திரியெல்லாம் சேத்துல மேஞ்சிட்டு, இந்த ரெண்டு மணி நேரந்தான் அதுங்க நிம்மதியா நிக்கும். இமயமலைக்கு அந்தாண்டேருந்து வருதுங்க. திரும்பிப் போக ஒடம்புல கொழுப்பு வேணும். ஒவ்வொரு தடவ எழும்பறப்பவும் அது கொறையுது. ரெண்டு நாளா சொல்லிக்கிட்டே இருக்கேன். ஒரு வார்த்த காதுல போட்டுக்கிட்டீங்களா? வயசானா போதுமா?"

முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மற்றவர்கள் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சதுப்புச் சேறு மறுபடி கிடைத்தால் தலை வரை இறங்கிவிடலாம் போல இருந்தது. அந்த அவமானத்துக்கு நடுவிலும் உள்ளே ஒரு மூலையில், நான் அனுப்பப்பட்ட வேலை ஞாபகம் வந்தது. தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன். அடுத்து என்ன செய்யப்போகிறார்?

எண்ணும் கருவியை அவர் வீசி எறியவில்லை. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விடுவிடுவென்று ஐம்பது அறுபது அடி நடந்துபோய்க் கடலைப் பார்த்து நின்றார். ஒரு பீடி குடிக்கும் நேரம் இருக்கும். ஆனால் குடிக்கவில்லை. திரும்பி வந்தார்.

"கேமராவக் குடுங்க சார்."

கொடுத்தேன். நான் கடைசியாக எடுத்த படத்தைப் பெரிதாக்கி, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நகர்த்திப் பார்த்தார். படத்தை வைத்து எண்ண முடியுமா என்று பார்த்திருக்கிறார். முடியவில்லை. நான் வழக்கம்போல நடுவில் நிற்பவர்களை வைத்து ஃபிரேம் போட்டிருந்தேன். இரண்டு பக்கமும் பாதிக் கூட்டம் வெட்டுப்பட்டிருந்தது.

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "சத்தம் போட்டதுக்கும், வயசச் சொன்னதுக்கும் மன்னிச்சுக்குங்க. மத்தது சொன்னது சொன்னதுதான்."

"சரிங்க" என்றேன்.

மல்லிகா அக்கா கடையில் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். பிறகு புன்னை மரத்தடியில் நின்று வீட்டுக்குப் போன் பேசினார். நான் பெஞ்சின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, நாளைக்கு வர முடியாது... எண்ணி முடிக்கலம்மா... இல்ல, யாரும் ஒண்ணும் பண்ணல, கூட்டம் கலைஞ்சிடுச்சு, அவ்வளவுதான்... திருமானூர்க்காரங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. தப்பா நெனச்சுப்பாங்களா?"

அங்கேயே எழுந்து போய், நான்தான் அந்தத் திருமானூர்க்காரன் என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன். கிட்டே போனேன். "பஸ் எத்தன மணிக்குங்க?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. எனக்கு முன்னால் சேதி வந்திருந்தது. வசந்தா வாசலிலேயே நின்றாள்.

"பாத்தீங்களா? பொண்ணு பாக்க வர்றத விட வேலை பெருசாப் போச்சாம். ஏதோ கூட்டம் கலைஞ்சிடுச்சாம். இப்பவே இப்படின்னா?"

"கலைச்சது நான்தான்" என்றேன்.

அவளும் செல்வியும் என்னை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார்கள். விரல் சொடுக்கியது வரை சொன்னேன். அவர் திட்டியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நடந்து போனது, திரும்பி வந்தது, மன்னிப்புக் கேட்டது, மன்னிப்புக் கேட்காதது. போனில் அம்மாவிடம் பேசியதையும் சொன்னேன்.

வசந்தாவுக்கு முகம் கடுத்துவிட்டது. "வயசானவர இப்படியா பேசறது? அதுவும் பொண்ணப் பெத்தவருகிட்ட..."

"அவருக்கு நான் யாருன்னு தெரியாதே" என்றேன்.

"அதுதாம்மா வேணும்" என்றாள் செல்வி. அவள் சிரிக்கவில்லை. என்னிடம் திரும்பி, "திரும்பி வந்தப்ப கேமராவ எப்படி வாங்குனாரு? புடுங்குனாரா?" என்று கேட்டாள்.

"கைய நீட்டுனாரு. நான்தான் குடுத்தேன்."

"கீழ வெச்சாரா, கையில குடுத்தாரா?"

"கையிலதான் குடுத்தாரு."

பிறகு அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாள். ஆயிரம் கண்கள் நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. "வகுப்புல ஒரு தடவகூட பசங்க என் பக்கம் இப்படித் திரும்புனதில்ல" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. யாரும் பெண் பார்க்க வரவில்லை. கேசரிக்கு வாங்கிய ரவையை வசந்தா உப்புமாவாகக் கிண்டினாள். மாலை கடல் இறங்கியிருக்கும் நேரம் பார்த்து செல்வி கதிர்வேலுக்குப் போன் செய்தாள். எண்ணி முடித்தாரா என்று முதலில் கேட்டாள். முடித்துவிட்டாராம். பிறகு, நேற்று பறவைகளைக் கலைத்தது தன் அப்பாதான் என்று சொன்னாள். "அந்த வெள்ளைச் சட்டை சாரா?" என்று அவர் இரண்டு முறை கேட்டாராம். அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறாள்.